எண்பதுகளின் கடைசிப் படங்களை மறுபடி பார்ப்பது எப்படி? குமரியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை படம் போடுகிறேன். எட்டு முழ வேட்டி இரண்டை ஒட்டித் தைத்ததுதான் திரை. சின்ன புரொஜெக்டர் ஒன்று, அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெரிய கெட்டில் நிறையக் கருப்பட்டிக் காப்பி. 1986-இல் இருந்து 1990 வரை வந்த படங்கள் மட்டும்தான். வருகிறவர்களும் வர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஏன் அந்த ஐந்து வருடம் மட்டும்?

அப்போது எனக்குப் பதிமூன்றில் இருந்து பதினேழு வயது. அது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை.

அந்த ஐந்து வருடத்தில் எத்தனை விதமான படங்கள் ஒரே தெருவில் ஓடின என்று நினைத்துப் பாருங்கள். 1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்தார்கள். அதே வருடம் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்', மணி ரத்னத்தின் 'மௌன ராகம்', பாரதிராஜாவின் 'கடலோரக் கவிதைகள்' எல்லாம் வந்தன. 1987 தீபாவளிக்கு 'நாயகன்'. 1988-இல் 'அக்னி நட்சத்திரம்', 'சத்யா', 'வீடு'. 1989-இல் ஒரு பக்கம் 'அபூர்வ சகோதரர்கள்', இன்னொரு பக்கம் 'கரகாட்டக்காரன்'. கிராமத்துப் படம் பார்த்த அதே ஆள் அடுத்த வாரம் நகரத்துப் படத்துக்கும் போனார். இது உனக்கு, அது எனக்கு என்ற பிரிவினை அவ்வளவாக இல்லை.

அப்புறம் தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கப் படம் ஓடத் தொடங்கியது. படம் பார்க்க வீட்டை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்த காலத்தின் கடைசிப் பகுதி இது. அந்தப் படங்களின் நடையிலேயே அது தெரியும். இருட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேரை மனதில் வைத்து எடுத்த படங்கள்.

இதுவரை பழைய படமே பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'பேசும் படம்'. 1987, இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ். கமலும் அமலாவும் நடித்தது. படம் முழுக்க ஒரு வசனம்கூடக் கிடையாது. கன்னடத்தில் 'புஷ்பக விமானம்' என்ற பெயரில் வந்ததும் இதே படம்தான்.

எங்கள் மாடியில் முதலில் போட்டதும் இதைத்தான். அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி வந்திருந்தார். காது கேட்பது குறைந்துபோனதால் டிவியையே விட்டுவிட்டவர். அவர் பக்கத்தில் துபாயில் படிக்கும் பேரன், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பையன். இரண்டு பேரும் ஒரே நொடியில் சிரித்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன். ஐஸ் கட்டியில் செய்த கத்தி உருகி ஒழுகும் இடத்தில் பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்து 'மௌன ராகம்'. மூன்றாவதாக 'நாயகன்'. 'நாயகனை' முதலிலேயே போட்டுவிடாதீர்கள். அவ்வளவு கேள்விப்பட்டுவிட்டு உட்கார்ந்தால் படத்தைப் பார்க்காமல் அதன் புகழையே தேடிக்கொண்டிருப்போம்.

அந்தக் காலத்தில் நம்ம மாவட்டத்தில் எப்படிப் படம் பார்த்தார்கள்?

மூன்று வழி.

முதல் வழி கொட்டகை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நாலு பக்கமும் இருந்தன. ஊர்ப்புறக் கொட்டகைக்குப் புதுப் படம் பல வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஊர் ஊராக ஓடிய பிரிண்டில் கீறல் விழுந்து, திரையில் மழை பெய்வதுபோல் கோடு கோடாக இருக்கும். 'கடலோரக் கவிதைகள்' படத்தை நான் முதலில் அப்படித்தான் பார்த்தேன். முட்டம் கடலில் மழை பெய்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது டெக். வளைகுடாவில் இருந்து வந்தவர் வீட்டில் வி.சி.ஆர். இருக்கும். இல்லாவிட்டால் டிவியும் டெக்குமாக ஓர் இரவுக்கு வாடகை பேசி எடுத்து வருவார்கள். கல்யாணம் முடிந்த வீடு, கோயில் கொடை முடிந்த மறுநாள் என்றால் கட்டாயம் உண்டு. ஓர் இரவில் நாலு கேசட். முதல் படம் சாமி படம், இரண்டாவது ரஜினி, மூன்றாவது மலையாளம். நாலாவது ஓடும்போது சித்தி மட்டும் விழித்திருப்பாள். என்னையும் கிள்ளி எழுப்பி வைத்திருப்பாள். தனியாகப் பார்த்தால் படம் சப்பென்று இருக்குமாம்.

மூன்றாவது தூர்தர்ஷன். ஆண்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளம், கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ். ஒருவர் மாடியில் கம்பியைத் திருப்புவார், ஒருவர் படியில் நிற்பார், ஒருவர் டிவி முன்னால் இருந்து "ஆ, இப்ப கொள்ளாம், விட்டுராதீங்க மாமா!" என்று கத்துவார்.

பாட்டு மட்டும் வேறு வழியில் வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. படம் ஊருக்கு வருவதற்குள் பாட்டு முழுக்க மனப்பாடம் ஆகிவிடும். அதனால் கொட்டகையில் பாட்டு வந்ததும் நாங்கள் கூடவே பாடுவோம். இன்றைக்கும் மாடியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாட்டு வந்தால் பாடுகிறார்கள். தயவுசெய்து அவர்களை 'உஷ்' என்று அடக்காதீர்கள்.

மலையாளப் படங்களும் போடுகிறீர்களே, ஏன்?

வெளியூரில் இருந்து வருகிறவர்கள்தான் இதைக் கேட்பார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள். மாநிலம் மாறியது, காது மாறவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மோகன்லாலும் மம்மூட்டியும் திலகனும் வேற்றூர் ஆட்கள் இல்லை.

அந்த ஐந்து வருடம் மலையாளத்துக்கும் பொற்காலம். 'நாடோடிக்காற்று' (1987) துபாய்க்குப் போகிறோம் என்று படகேறிய இரண்டு பேர் சென்னையில் இறங்கும் கதை. தமிழில் மறு வருடமே 'கதாநாயகன்' என்று எடுத்தார்கள். எங்கள் மாடியில் 'நாடோடிக்காற்று' போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்து வந்த ஒருவர் மட்டும் படம் முடிந்தபிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. "சிரிச்சுட்டேன், ஆனா அந்த ரெண்டு பேரும் மணல்ல நிக்கிற இடம் மட்டும் தாங்கல" என்றார். அன்றுவரை அந்தப் படத்தை வெறும் நகைச்சுவையாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

'கிரீடம்' (1989) இன்னொன்று. லோகிததாஸ் எழுதி, சிபி மலையில் இயக்கியது. மகனை எஸ்.ஐ. ஆக்கிப் பார்க்க ஆசைப்படும் கான்ஸ்டபிள் அப்பா, அந்த அப்பாவை அடித்தவனோடு மோதப் போய் ரவுடிப் பட்டம் சுமக்கும் மகன். 2007-இல் இதே பெயரில் தமிழிலும் வந்தது. தமிழில் மட்டும் பார்த்தவர்கள் மூலத்தையும் ஒருமுறை பாருங்கள். அப்பாவாக வரும் திலகன் மகனிடம் கத்தியைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சும் இடத்துக்கு நான் எத்தனை முறை பார்த்தாலும் தயாராக முடிந்ததில்லை.

ஃபாசில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர். 'பூவிழி வாசலிலே' (1987), 'வருஷம் 16' (1989) இரண்டும் அவரே மலையாளத்தில் எடுத்ததைத் தமிழுக்குக் கொண்டு வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மொழி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கதை ஒன்றுதான். பாட்டுக்குக் கொடுக்கும் இடம் தமிழில் கூடுகிறது.

'மூணாம் பக்கம்' ஏன் போடவில்லை?

பத்மராஜன் 1988-இல் எடுத்த படம். கடற்கரை ஊரில் தனியாக இருக்கும் தாத்தா, விடுமுறைக்கு நண்பர்களோடு வரும் பேரன். பேரன் கடலில் போகிறான். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கும் என்று தாத்தா காத்திருக்கிறார். திலகன் நடித்ததில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் கரையில் காத்திருந்தவர்களை நான் பார்த்தேன். மூன்றாம் நாளும் போனது, முப்பதாம் நாளும் போனது, பலர் திரும்பவே இல்லை. எங்கள் மாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களை உட்கார வைத்து அந்தப் படத்தை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. படம் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் வரவில்லை. தனியாக இருக்கும்போது பாருங்கள்.

முட்டத்தில் எந்த இடத்தில் படம் எடுத்தார்கள்?

1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-இல் 'கடலோரக் கவிதைகள்'. பாரதிராஜாவின் இந்த இரண்டு படங்களால்தான் முட்டம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊரானது. வெள்ளிச்சந்தை வழியாகப் போகலாம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கினால் அந்தப் பாறைகள். இப்போது பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது, கரையின் தோற்றம் மாறியிருக்கிறது. ஆனால் பாறை அதேதான்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. படத்தைப் பார்த்துவிட்டு அந்த வாரமே போங்கள், சாயங்காலம் நாலரைக்கு மேல். சத்யராஜ் அதுவரை பெரும்பாலும் வில்லனாக வந்தவர். அவரை இந்தப் பாறை மேல் உட்கார வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் சின்னப்பதாஸாக மாற்றினார் பாரதிராஜா. ரேகாவுக்கு அதுதான் முதல் படம், ஜெனிபர் டீச்சர். அங்கே போய் நின்றால் ஒன்று புரியும். காற்று அவ்வளவு பலமாக அடிக்கும், பக்கத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். ஆனால் படத்தில் இருவரும் மெல்லப் பேசிக்கொள்வார்கள். குரலைப் பின்னால் ஸ்டூடியோவில் சேர்த்தார்கள். நிஜக் காற்றை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் இளையராஜாவை வைத்தார்கள். அடுத்த முறை பார்க்கும்போது காதில் விழுவது எது, விழாதது எது என்று கவனியுங்கள்.

ஆனி, ஆடியில் போகாதீர்கள். கடல் கொந்தளிக்கும், பாறை வழுக்கும்.

சின்ன வயதில் பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா?

நான் இந்த வேலையைத் தொடங்கியதே அதனால்தான்.

'வீடு' படத்தைப் பதினாறு வயதில் தூர்தர்ஷனில் பார்த்தேன். பாலு மகேந்திரா எடுத்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண் கடன் வாங்கி வீடு கட்டுகிறாள், அவ்வளவுதான் கதை. பாதியில் எழுந்து போய்விட்டேன். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம் என்று பின்னால் படித்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு நானும் என் வீட்டுக்காரரும் வீடு கட்டினோம். இந்த மாடி உள்ள வீடுதான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. அனுமதிக் காகிதத்துக்கு ஒரு அலுவலகத்தில் நாலு மாதம் நடந்தேன். போகும்போதெல்லாம் இன்னொரு காகிதம் கேட்பார்கள். மணல் விலை பாதியில் ஏறியது. கொத்தனார் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். சிமெண்டு மூட்டை கணக்கில் குறைந்தபோது யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பா அப்போது படுக்கையில். நிலை வைத்த அன்று ஆட்டோவில் அழைத்து வந்து காட்டினோம். பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "தண்ணி நல்லா விட்டிருக்கா மக்ளே" என்றார். பால் காய்ச்சும்போது அப்பா இல்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து 'வீடு' மறுபடி கிடைத்தது. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாகவே கிளம்பி வருவார். கட்டி முடியாத அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒவ்வோர் இடமாக நின்று பார்ப்பார். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம். அதோடு அவர் கதை முடிந்துவிடும். நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து எங்கள் சுவரில் சாய்ந்து நின்றேன்.

பதினாறு வயதில் அந்தப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்தேன். எல்லாமே நடந்திருக்கிறது. சிமெண்டு திருட்டு, கடன், ஒப்பந்தக்காரர், கூட வேலை பார்க்கும் சித்தாளின் கோபம், கடைசியில் நிலத்துக்கே வரும் வில்லங்கம். வீடு கட்டியவர்கள் அருகில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் மூச்சு விடுவதிலேயே தெரியும்.

'மௌன ராகம்' இன்னொரு விதம். அப்போது எங்களுக்கெல்லாம் கார்த்திக்தான். அந்த வேகம், அந்தச் சிரிப்பு. மோகன் நல்லவர், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் கண் மோகன் மேலேயே நிற்கிறது. கல்யாணமான புதிதில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு விவாகரத்து வேண்டும் என்கிறாள் மனைவி. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் எப்படி அடுத்த நாள் ஆபீசுக்குக் கிளம்புகிறான் என்பதை அவர் நடித்துக் காட்டியிருப்பது அப்போது கண்ணிலேயே படவில்லை. ரேவதியையும் நான் அன்று பிடிவாதக்காரி என்றே நினைத்தேன். பெண் பார்க்க வருகிற அன்று மழையில் நனைந்துகொண்டே இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் அந்தப் பெண்ணை இன்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. என் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள்.

திரையின் மூலையில் ஒரு வட்டம் பளிச்சென்று வந்து போகிறதே, அது என்ன?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் சின்ன மாமா ஒரு கொட்டகையில் ஆபரேட்டர்.

ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஒரு படத்துக்குப் பதினாலு, பதினைந்து ரீல். ஆகவே இரண்டு புரொஜெக்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ரீல் முடியப் போகிறது என்று ஆபரேட்டருக்குச் சொல்லத்தான் வலது மேல் மூலையில் அந்தப் பொட்டு. முதல் பொட்டு வந்ததும் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை ஓட விட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது பொட்டு. அந்த நொடியில் இதன் வாயை மூடி அதன் வாயைத் திறக்க வேண்டும். மாமா திரையைப் பார்க்கும் சின்னச் சதுர ஓட்டை வழியே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, இரண்டு கையும் இரண்டு பக்கம் நீட்டி நிற்பார். கார்பன் குச்சிகள் எரியும் வெளிச்சமும் சூடும். பேச்சே இருக்காது. மாற்றிய பிறகுதான் மூச்சு விடுவார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது.

பழைய பிரிண்டில் இருந்து எடுத்த பதிவுகளில்தான் அந்தப் பொட்டு இருக்கும். புதுப்பித்த பதிப்புகளில் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு அது இருந்தால்தான் சந்தோஷம்.

யூடியூபில் இருப்பது முழுப் படம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். எத்தனை ரீல், எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். 35 மி.மீ. படச்சுருள் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். மீட்டர் கணக்கை அதனால் வகுத்தால் படத்தின் நிமிடக் கணக்கு வந்துவிடும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்கள் பதிவு 120 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது. பெரும்பாலும் பாட்டும் நகைச்சுவைத் தனிக்காட்சியும்தான் போயிருக்கும்.

140 நிமிடம் என்றால் பயப்பட வேண்டாம். படம் நொடிக்கு 24 சட்டகம், நம் பழைய டிவி முறை 25. அப்படியே மாற்றிய பதிவுகள் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும். நேரம் குறையும், பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும். வானொலியில் கேட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு "என்னமோ மாதிரி இருக்கே" என்று தோன்றுவது அதனால்தான்.

'நாயகன்', 'அக்னி நட்சத்திரம்' எல்லாம் டிவியில் ஒரே இருட்டாகத் தெரிகிறது. என்ன செய்ய?

ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் இருட்டை வேண்டுமென்றே வைத்தார். மேலே இருந்து வெளிச்சம் விழுந்து கண் குழிக்குள் நிழல் நிற்கும். 'நாயகன்' படத்துக்குக் கிடைத்த மூன்று தேசிய விருதில் ஒன்று ஒளிப்பதிவுக்கு. மற்றவை கமலுக்கும், தாராவியைச் சென்னையில் செட்டாகவே எழுப்பிய கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும்.

டிவியில் பார்ப்பவர்கள் அறை விளக்கை அணையுங்கள். பட அமைப்பில் 'சினிமா' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், 'விவிட்' வேண்டவே வேண்டாம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடும். பிரைட்னஸைக் கூட்டினால் இருட்டு சாம்பலாகும், முகம் தெரியாது.

என் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. பத்து நிமிடத்தில் போனை எடுக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். முதல் அரை மணி நேரம் அந்தப் படங்கள் நிதானமாகத்தான் போகும். தாமதமாக வந்து இருட்டில் தடவி இடம் தேடி உட்காருகிறவர்களுக்கும் கதை புரிய வேண்டும் என்று எடுத்தவை. இடைவேளை வரை ஒருநாள், மீதி மறுநாள் என்று பிரித்துப் போடுங்கள். அந்தக் காலப் படங்களில் இடைவேளை ஒரு நல்ல முடிச்சில் நிற்கும், மறுநாள் அவர்களே கேட்பார்கள். 'அபூர்வ சகோதரர்கள்' என்றால் பிரிக்கவே தேவைப்படாது.

இவற்றில் சில காட்சிகள் இன்று பார்க்கக் கூசுகின்றனவே?

கூசத்தான் செய்கின்றன. பெண்ணைப் பின்தொடர்ந்து துரத்தினால் காதல் வந்துவிடும் என்று காட்டுவது, கறுப்பு நிறத்தையும் குள்ளத்தையும் ஊனத்தையும் வைத்துச் சிரிப்பது, கன்னத்தில் ஓர் அறை விட்டால் மனைவி திருந்திவிடுவாள் என்பது. பெரிய இயக்குநர்களின் படங்களிலும் உண்டு. நானும் அன்று சிரித்தேன். வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தியை அப்படி ஒருவன் ஆறு மாதம் பேருந்து நிறுத்தம் வரை தொடர்ந்து வந்தான். அவள் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் சிரித்ததும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்தக் காட்சிகளை நான் வெட்டுவதில்லை. படம் முடிந்தபிறகு பேசுகிறோம். பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் தொடங்குவார்கள்.

இதற்கு மாறாக, நாம் எதிர்பார்க்காத இடத்தில் துணிச்சலும் இருக்கும். 'சம்சாரம் அது மின்சாரம்' குடும்பப் படம், வீட்டுக்கு நடுவே அப்பா கோடு கிழிக்கும் படம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசியில் மூத்த மருமகள் லட்சுமி சொல்வதைக் கவனியுங்கள். எல்லோரும் மறுபடி ஒன்றாகச் சேர வேண்டாம், தனித்தனியாக இருந்துகொண்டு அவ்வப்போது பிரியமாகச் சந்திப்போம் என்கிறாள். 1986-இல் அதைச் சொல்லி, தேசிய விருதும் வாங்கி, மக்களும் ஏற்றுக்கொண்ட படம்.

'கரகாட்டக்காரன்' கிளாசிக்கா?

சந்தேகமே வேண்டாம். கங்கை அமரன், ராமராஜன், கனகாவின் முதல் படம், இளையராஜா. மட்டி, ஏத்தன், ரசகதலி, செந்துளுவன், பாளையங்கோட்டான் என்று பழத்திலேயே வளர்ந்த ஊர் நம்முடையது. இங்கே அந்த வாழைப்பழக் காட்சியை உட்கார்ந்து பார்க்கும் சுகமே தனி. அன்று காப்பிக்குப் பதில் மட்டிப்பழம் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு.

தியேட்டரில் மறுபடி வெளியிடுகிறார்களே, போகலாமா?

கட்டாயம் போங்கள். 'நாயகன்', மலையாளத்தின் 'ஒரு வடக்கன் வீரகதா' இரண்டும் 2025-இல் துலக்கிய பதிப்பாகத் திரைக்கு வந்தன. சில மறுவெளியீடுகளில் ஒலியைப் புதிதாகக் கலந்து, அன்று இல்லாத சத்தங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பெரிய திரைக்கு ஈடு இல்லை.

எல்லாப் படத்துக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. 'வீடு' படத்தின் நெகடிவே அழிந்துபோனதை பாலு மகேந்திரா வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். இப்போது நாம் பார்ப்பது கையில் எஞ்சியதைத்தான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் பூசணம் பிடிக்க விடாதீர்கள், எறியவும் எறியாதீர்கள். என்னிடம் ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறது.

மழை வந்தால் படம் உண்டா?

உண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் மாடியில் முடியாது, கீழே கூடத்துக்கு மாற்றிவிடுவேன். இருபது பேர் உட்காரலாம். போன ஜூனில் 'மௌன ராகம்' போட்ட அன்று வெளியிலும் மழை, படத்திலும் மழை. ஓடு வேய்ந்த சாய்ப்பில் விழும் சத்தத்தில் வசனம் பாதி கேட்கவில்லை. சித்திக்கு இப்போது எழுபது. முன் வரிசையில் உட்கார்ந்து, கேட்காத வசனத்தையெல்லாம் ஒரு வரிகூட விடாமல் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். குடை கொண்டு வாருங்கள். ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவேன்.